ஆளாவதும் ஆளாக இருப்பதும்

1

தமிழில் இளம்பருவ நாவல் என்று சொல்லத்தக்கது ஒன்றே ஒன்றுதான் என்று சென்ற மாதம் கிருஷ்ணகிரியில் ஒரு சிறு கூட்டத்தில் ஆங்கிலப் பேராசிரியர் ஒருவர் சொன்னார். பன்னிரண்டு பேர் இருந்தோம். யாரும் மறுக்கவில்லை. நானும் மறுக்கவில்லை. டீ வந்தது, குடித்தோம், கலைந்தோம். ஓசூர் பஸ்ஸில் சூளகிரி தாண்டும்போதுதான் எனக்குக் கோபம் வந்தது. தாமதமாக வருகிற கோபத்துக்கு எழுதுவதைத் தவிர வேறு வழியில்லை.

அவர் வாதம் இது. ஒரு சிறுவன் மனிதனாகிற கதையில் மூன்று அம்சங்கள் வேண்டும். அவனுக்கென்று ஒரு அகவுலகம். அது புறவுலகோடு மோதுகிற ஒரு நெருக்கடி. முடிவில் தன்னைத் தான் கண்டடைதல். இந்த அளவுகோலின்படி பூமணியின் ‘வெக்கை’ தேறாது. அதில் பையன் ஓடுகிறான், சாப்பிடுகிறான், தூங்குகிறான், மனம் என்று ஒன்று திறக்கவே இல்லை. பெருமாள்முருகனின் ‘கூள மாதாரி’ சமூகவியல் ஆவணம். அசோகமித்திரனின் ‘பதினெட்டாவது அட்சக்கோடு’ பாதி தேறும். ஆனால் முடிவில் பையன் எதையும் அடைவதில்லை. ஆதவனின் ‘என் பெயர் ராமசேஷன்’ ஒன்றுதான் முழுசாகத் தேறும். ‘பாத்திரம் வளரவில்லை’ என்ற வாக்கியத்தை அவர் நான்கு முறையாவது சொல்லியிருப்பார்.

இது ஒரு தனி மனிதரின் அபிப்பிராயம் என்றால் விட்டுவிடலாம். அப்படி இல்லை. மதிப்புரைகளிலும், பரிசு வழங்கும் மேடைகளிலும், கைப்பிரதியைத் திருப்பி அனுப்புகிற கடிதங்களிலும் இதே வாக்கியம்தான் சிற்சில மாற்றங்களோடு உலவுகிறது. பாத்திரம் வளரவில்லை, அகம் இல்லை, சுயம் உருவாகவில்லை. நானும் இதைச் சொன்னவன்தான். யாரிடம் சொன்னேன் என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதனால்தான் இந்தக் கட்டுரை.

2

இந்த அளவுகோல் எங்கிருந்து வந்தது என்பது நமக்குத் தெரியும். அரசுக் கலைக் கல்லூரியில் பி.ஏ. ஆங்கிலம் படித்த எல்லோருடைய நோட்டிலும் இது இருக்கும். ஃபார்ஸ்டர் 1927இல் பாத்திரங்களைத் தட்டை, உருண்டை என்று இரண்டாகப் பிரித்தார். கதே 1795-96இல் ‘வில்ஹெல்ம் மைஸ்டரின் பயிற்சிக் காலம்’ எழுதினார். அதிலிருந்து ஒரு வகைமை பிறந்தது. வில்ஹெல்ம், பிறகு டிக்கன்ஸின் பிப், பிறகு ஜாய்ஸின் ஸ்டீபன். ஒவ்வொருவரும் ஏணியில் ஏறி, கடைசிப் படியில் தன் முகத்தைக் கண்ணாடியில் பார்க்கிறான். பரீட்சைக்கு இவ்வளவு போதும். பதினைந்து மார்க் கிடைக்கும்.

ஆனால் அந்த நாவல்களையே திரும்பிப் படித்தால் கதை வேறு மாதிரி இருக்கிறது. வில்ஹெல்ம் மைஸ்டர் நாடகக்காரர்களோடு சுற்றி, காதலித்து, தோற்று, தன்போக்கில் வளர்ந்ததாக நினைத்துக்கொண்டிருக்கிறான். கடைசியில் ஒரு கோபுரத்துக்குள் அழைத்துப்போகிறார்கள். அங்கே ஒரு ரகசியச் சங்கம் இத்தனை நாளும் அவனைக் கவனித்து வந்திருக்கிறது. பயிற்சி முடிந்ததற்கு ஒரு பத்திரம் தருகிறார்கள். அவனுடைய பயிற்சிக் காலம் முழுதும் எழுதப்பட்ட ஒரு சுருள் அங்கே அலமாரியில் இருக்கிறது. அதாவது, இந்த வகைமையின் மூதாதை என்று சொல்லப்படுகிற நாவலிலேயே கதாநாயகனின் ‘சுயம்’ மற்றவர்களின் கோப்பில் இருக்கிறது! இதைப் பேராசிரியர்கள் ஏன் சொல்வதில்லை?

பிப்பை எடுத்துக்கொள்ளுங்கள். ‘கிரேட் எக்ஸ்பெக்டேஷன்ஸ்’ 1860-61இல் வந்தது. குழந்தை நாக்குக்குத் தன் முழுப்பெயர் வராததால் தனக்குத் தானே பிப் என்று பெயர் வைத்துக்கொள்கிறான். நாவலின் முதல் பக்கத்திலேயே அவன் தன் பெயரைத் தானே படைத்துக்கொண்டவன். நல்லது. பிறகு யாரென்று தெரியாத ஒருவரிடமிருந்து பணம் வருகிறது. அதற்கு ஒரு நிபந்தனை: பிப் என்ற பெயரை அவன் எப்போதும் வைத்துக்கொள்ள வேண்டும். தானே வைத்துக்கொண்ட பெயர், வக்கீல் வாயில் நிபந்தனையாகிவிடுகிறது. அவன் கனவானாக வளர்கிற ஒவ்வொரு படியும் ஆஸ்திரேலியாவுக்கு நாடுகடத்தப்பட்ட ஒரு கைதி சம்பாதித்த பணத்தில் கட்டியது. டிக்கன்ஸ் எழுதியது ஒரு கணக்குப் புத்தகம். நாம் அதை ஆன்ம சரித்திரமாகப் படித்தோம்.

ஆக, அளவுகோல் மேல்நாட்டிலிருந்து வந்தது என்பது என் புகார் அல்ல. மேல்நாட்டுச் சரக்கு என்பதால் கழித்துக்கட்டுகிற சுதேசி விமர்சனத்தில் எனக்கு ருசி கிடையாது. என் புகார், அந்த அளவுகோல் மேல்நாட்டு நாவலுக்கே பொருந்தவில்லை என்பது. நோட்ஸுக்குத்தான் பொருந்துகிறது.

3

நான் வங்கியில் கவுன்ட்டரில் உட்காருகிறவன். என் மேஜைக்கு இந்தப் பிரச்னை வேறு ரூபத்தில் தினமும் வருகிறது.

மைனர் கணக்கு என்று ஒன்று உண்டு. அப்பாவோ அம்மாவோ கார்டியனாக இருந்து திறப்பது. பிள்ளைக்கு 18 வயது முடிந்ததும் கார்டியனின் அதிகாரம் போய்விடுகிறது. பிள்ளை நேரில் வந்து புதிதாக மாதிரிக் கையெழுத்துப் போட வேண்டும். அன்றையிலிருந்து அவன் மேஜர். நாலு வருஷம் கழித்து அவனே செக்கில் போடுகிற கையெழுத்து, அன்று போட்ட கையெழுத்தோடு ஒத்துப்போகாது. பதினெட்டில் முழுப்பெயரையும் உருண்டை எழுத்தில் எழுதியவன் இருபத்திரண்டில் ஒரு கோடு இழுத்து இரண்டு புள்ளி வைக்கிறான். நான் திருப்பித் தருகிறேன். ‘நான்தான் சார் இது’ என்கிறான். எனக்குத் தெரியும் அவன்தான் என்று. என் முன்னால்தான் நிற்கிறான். ஆனாலும் பழைய மாதிரியே போட்டுக் காட்டச் சொல்கிறேன். பதினெட்டு வயசுப் பையனின் கையெழுத்தை இருபத்திரண்டு வயசுக்காரன் போலிசெய்து, தான்தான் தான் என்று நிரூபிக்கிறான்.

தத்துவத்தில் ஆள் ஒருமை என்று பேசுவதும் இதைத்தான். நேற்றைய நானும் இன்றைய நானும் ஒன்று என்பதற்கு எது ஆதாரம்? ஞாபகம்தான் என்றார் லாக். கையெழுத்து என்கிறது வங்கி. நாவல் என்ன சொல்கிறது? பேராசிரியர் கேட்கிற நாவல், ‘உள்ளே மாறாத ஒன்று இருக்கிறது, அதைக் கண்டுபிடிப்பதுதான் வளர்ச்சி’ என்று சொல்கிறது. என் கவுன்ட்டரில் அந்த மாதிரி எதையும் நான் பார்த்ததில்லை. ஒத்துப்போகாத கையெழுத்துகளைத்தான் பார்க்கிறேன்.

தமிழிடமே கேட்டுப் பார்ப்போம். ஒரு பையன் வளர்ந்துவிட்டான் என்பதற்கு நம் வீடுகளில் என்ன சொல்கிறார்கள்? ‘ஆளாயிட்டான்’ என்கிறார்கள். ‘தலையெடுத்துட்டான்’ என்கிறார்கள். முதலாவதற்குச் சம்பாதிக்க ஆரம்பித்துவிட்டான் என்று அர்த்தம். இரண்டாவதற்கு அப்பனின் கடனை இவன் ஏற்றுக்கொண்டான் என்று. பெண்ணைப் பற்றிச் சொன்னால் அதே ‘ஆளாயிட்டா’வுக்கு வேறு பொருள். ஓலைக் குச்சு கட்டியாயிற்று, பள்ளிக்கூடம் நிற்கலாம், மாப்பிள்ளை பார்க்கலாம். ஒரே வினைச்சொல். பையனுக்கு அது கதவைத் திறந்துவிடுகிறது, பெண்ணுக்குச் சாத்துகிறது. அஞ்செட்டி, தேன்கனிக்கோட்டை மலைக்கிராமங்களில் பதினெட்டுக்கு முன்னால் பெண்ணைக் கட்டிக்கொடுக்கிற வழக்கம் இன்னும் ஒழியவில்லை என்பதை இங்கே இருக்கிற எந்தப் பள்ளி ஆசிரியரும் சொல்வார். அந்தப் பெண் எப்போது மேஜரானாள்?

இன்னொன்றும் இருக்கிறது. ‘ஆள்’ என்றால் மனிதன். ‘ஆள்’ என்றால் கூலிக்காரனும்கூட. பண்ணையாள், வேலையாள், ‘நாளைக்கு நாலு ஆள் வேணும்’. அதே சொல்லே வினையாகும்போது, ஆட்சி செய்தல். ஒரு மொழி இந்த மூன்றையும் ஒரே அசைக்குள் வைத்திருக்கிறது என்றால், அந்த மொழியில் எழுதப்படுகிற இளம்பருவ நாவலின் கேள்வி ‘நான் யார்’ என்பதாக இருக்க அவசியமில்லை. நான் யாருக்கு ஆள், என்னை ஆள்வது யார், எப்போது நான் ஆள் என்பதாக இருக்கலாம். இது ‘நான் யார்’ என்பதைவிடத் தாழ்ந்த கேள்வி என்று யார் முடிவு செய்தது?

4

இப்போது அந்த நான்கு நாவல்களுக்கு வருகிறேன்.

‘கூள மாதாரி’ 2000இல் வந்தது. அதில் ஆடு மேய்க்கிற சக்கிலியச் சிறுவர்களின் பெயர்களைப் பாருங்கள். கூளையன், நெடும்பன், வவுறி, மொண்டி, செவிடி. குட்டை, நெட்டை, வயிறு, நொண்டி, செவிடு. உடம்பின் ஒரு அம்சத்தைப் பிய்த்து எடுத்துப் பெயராக ஒட்டியிருக்கிறது ஊர். கூளையன் கவுண்டர் பண்ணையத்தில் இருக்கிறான். அவனுக்கான கூலியைப் பேசுவது அவன் அப்பன். அதாவது, ஆளாவதற்கு முன்பே அவன் ஆள். இந்தப் பையனிடம் போய் ‘உன் அகவுலகம் எங்கே’ என்று கேட்பதன் அபத்தத்தை விட்டுவிடுவோம். கேள்வியை நாவலிடமே கேட்போம். அந்தப் பிள்ளைகள் மேய்ச்சல் காட்டில் தங்களுக்குள் ஒரு உலகத்தை வைத்திருக்கிறார்கள். விளையாட்டு, திருட்டு, சண்டை, பயம். கவுண்டர் வீட்டுப் பையனும் கூளையனும் காட்டில் கிட்டத்தட்டச் சிநேகிதர்கள். கட்டுத்தரைக்கு வந்தால் எஜமானும் ஆளும். இரண்டு இடத்திலும் இருப்பது ஒரே கூளையன்தானா? இதைவிடக் கூர்மையாக ஆள் ஒருமைப் பிரச்னையை எந்தத் தமிழ் நாவல் எழுப்பியிருக்கிறது? ஆனால் இது யோசனையாக எழுதப்படவில்லை. எந்த இடத்தில் யாரை எப்படிக் கூப்பிடுகிறார்கள் என்பதாக எழுதப்பட்டிருக்கிறது. அதனால் நம் விமர்சகர்களின் கண்ணில் படவில்லை.

‘வெக்கை’ 1982. சிதம்பரத்துக்கு 15 வயது. அண்ணனைக் கொன்றவனை வெட்டிவிட்டுத்தான் நாவலுக்குள் வருகிறான். கையை வெட்டத்தான் நினைத்தான், ஆள் செத்துப்போனான். நினைத்ததும் நடந்ததும் வேறு என்பது முதல் சில பக்கங்களிலேயே ஆகிவிடுகிறது. வழக்கமான இளம்பருவ நாவல் எங்கே போய் முடியுமோ அங்கே இது தொடங்குகிறது. பிறகு அப்பனும் மகனும் காட்டிலும் மேட்டிலும் மறைந்து திரிகிறார்கள். சமைக்கிறார்கள், வீட்டை நினைக்கிறார்கள், பழங்கதை பேசுகிறார்கள். கடைசியில் கோர்ட்டில் சரணடையப் போகிறார்கள். இதில் வளர்ச்சி எங்கே என்கிறார் பேராசிரியர். அந்த நாட்களில் மாறுவது அப்பனும் மகனும் பேசிக்கொள்கிற விதம். சோறு பொங்கவும் ஒளிய இடம் பார்க்கவும் அப்பன் மகனிடம் யோசனை கேட்க ஆரம்பிக்கிறான். ஒரு தகப்பன் தன் மகனை ஆளாக எண்ணத் தொடங்குகிற இடம் அது. அதைப் பூமணி சொல்லவில்லை, நடத்திக் காட்டுகிறார். நம்பும்படி நம்மை வியக்கவைக்கிற பாத்திரமே உருண்டைப் பாத்திரம் என்றல்லவா ஃபார்ஸ்டர் சொன்னார்? கொலை செய்துவிட்டு வந்த பையன் அடுத்த வேளைச் சாப்பாட்டில் கவனமாக இருப்பது எனக்கு வியப்பாகவும் இருக்கிறது, நம்பும்படியும் இருக்கிறது. பேராசிரியரின் அளவுகோல்படியே சிதம்பரம் பாஸ்.

‘பதினெட்டாவது அட்சக்கோடு’ 1977. சிகந்தராபாத்தில் ரயில்வே ஊழியரின் மகன் சந்திரசேகரன். நிஜாமின் ராஜ்யத்தில், தெலுங்குக்கும் உருதுவுக்கும் நடுவில் ஒரு தமிழ்ப் பையன். ஓசூர்க்காரனாகிய எனக்கு இந்தப் பையனைப் புரிந்துகொள்ள அடிக்குறிப்புத் தேவைப்படவில்லை. கிரிக்கெட், கல்லூரி, ரஜாக்கர்கள், 1948 செப்டம்பரில் இந்திய ராணுவம். கடைசியில் அவன் கலவரத்தில் ஒரு வீட்டுக்குள் போய்விடுகிறான். தன் குடும்பத்தைக் காப்பாற்ற ஒரு பெண் இவன் முன்னால் தன்னைக் கொடுக்க நிற்கிறாள். அவன் ஓடுகிறான். எதையும் அடையவில்லை என்கிறார் பேராசிரியர். உண்மைதான். ஆனால் அந்தப் பெண்ணின் கண்ணில் தான் யார் என்பதை அந்தக் கணத்தில் அவன் பார்த்துவிட்டான். தெருவில் போகிற ஒரு சாதாரணப் பையன், அவளுக்கு அவன் ‘அவர்களில் ஒருவன்’. இது கண்டடைதல் இல்லையென்றால் வேறு எது? இதில் சந்தோஷம் இல்லை, அவ்வளவுதான்.

இன்னொரு விஷயம். இந்த நாவல் ஒரு இடத்தில் ‘அவன்’ என்று சொல்லும், இன்னொரு இடத்தில் ‘நான்’ என்று சொல்லும். ஜாய்ஸின் 1916ஆம் வருஷத்து நாவலிலும் ‘அவன்’ கடைசியில் நாட்குறிப்பாகி ‘நான்’ ஆகிறான். அங்கே அது ஒரு வெற்றி. ஸ்டீபன் தன் குரலை அடைந்துவிட்டான். அசோகமித்திரனிடம் அப்படிப் போய்ச் சேருகிற இடம் கிடையாது. நானும் அவனும் மாறி மாறி வந்துகொண்டே இருக்கிறார்கள். இதைத் தொழில்நுட்பக் கோளாறு என்று சொன்னவர்களை எனக்குத் தெரியும். கோளாறு அல்ல. ஒருவன் தன்னை எல்லா நேரமும் ‘நான்’ என்று சொல்லிக்கொள்ள முடியாது என்பதைத்தான் நாவல் காட்டுகிறது.

மிச்சமிருப்பது ராமசேஷன். 1980இல் வந்த இந்த நாவலின்மேல் எனக்கு மரியாதை உண்டு. ஆனால் அதைப் பேராசிரியர் பாராட்டுகிற காரணம் தலைகீழானது. ராமசேஷன் தன்னைக் கண்டுபிடிப்பதே இல்லை. வீட்டில் ஒரு வேஷம், நண்பனிடம் ஒரு வேஷம், பெண்களிடம் வேறு வேஷம்; எல்லாம் வேஷம் என்பதும் அவனுக்குத் தெரியும். தலைப்பு அவன் பெயரை மட்டும்தான் உறுதியாகச் சொல்கிறது. ஆதவனின் சாமர்த்தியம் அது. அவருடைய பலவீனமும் பக்கத்திலேயே இருக்கிறது. அந்த நாவலில் யார் யாரைப் பற்றி யோசித்தாலும் ஒரே புத்திசாலிக் குரலில்தான் யோசிக்கிறார்கள். பாத்திரங்கள் தங்களை அலசி முடித்துவிடுவதால் நமக்கு வேலை மிச்சம் வைப்பதில்லை. தன்னைப் பற்றி நிறையப் பேசுகிறவனுக்கு அகவுலகம் இருக்கிறது, பேசாதவனுக்கு இல்லை என்று நாம் எடுத்துக்கொள்கிறோம். இது விமர்சனம் இல்லை. நேர்முகத் தேர்வில் நன்றாக இங்கிலீஷ் பேசுகிறவனுக்கு வேலை கொடுக்கிற புத்தி.

இன்னும் இருக்கின்றன. பெருமாள்முருகனின் ‘ஏறுவெயில்’ (1991) நிலம் காலனியாக மாறியதில் சிதறிய குடும்பத்துப் பையனைச் சொல்கிறது. பாமாவின் ‘கருக்கு’ (1992), சல்மாவின் ‘இரண்டாம் ஜாமங்களின் கதை’ (2004). கடைசி நாவலில் ராபியா என்கிற சிறுமி, வயதுக்கு வந்த பெண்களுக்கு எவையெல்லாம் சாத்தப்பட்டன என்பதைத் தன் முறை வருவதற்கு முன்னாலேயே பார்த்துவிடுகிறாள். பேராசிரியரின் பட்டியலில் ஒரு பெண்கூட இல்லை என்பது கூட்டத்தில் யாருக்கும் உறைக்கவில்லை. எனக்கும்தான்.

5

ஒரு ஆட்சேபம் வரும். நியாயமான ஆட்சேபம். அகம் வேண்டாம், வளர்ச்சி வேண்டாம் என்றால், தட்டையாக எழுதப்பட்ட எதையும் இந்த வாதத்தால் காப்பாற்றிவிடலாமே? கட்டைப் பொம்மைகளை நிறுத்திவிட்டு ‘இவர்களுக்கு அகம் மறுக்கப்பட்டது’ என்று சொல்லிவிடலாமே?

சொல்ல முடியாது. கட்டைப் பொம்மைகள் ஏராளமாக இருக்கின்றன. கடைசி அத்தியாயத்தில் கொடியைப் பிடித்துக்கொண்டு ஊர்வலத்தின் முன்னால் போகிற முற்போக்கு நாவல் பையனை எடுத்துக்கொள்ளுங்கள். அவனுக்கு ஏணி உண்டு; உச்சியில் சுயத்துக்குப் பதில் வர்க்க போதம், அவ்வளவே வித்தியாசம். அவன் ஏறுவது கதாசிரியனின் கட்டளைப்படி. அதேபோல மண்வாசனை நாவல்களின் பையன். வட்டாரச் சொற்களைக் கோத்துத் தருவதற்காக அவன் கம்மங்கூழ் குடிக்கிறான். இருவரும் எந்த இடத்திலும் நம்மை வியக்க வைப்பதில்லை.

நான் கேட்கிற அளவுகோல் இதுதான். ஒரு பையனைப் பற்றி, ஒரு பெண்ணைப் பற்றி, மற்றவர்கள் கணக்கு வைத்திருக்கிறார்கள். அப்பன், பண்ணையம், பள்ளிக்கூடம், ஜாதி, கம்பெனி, சர்க்கார். நல்ல நாவல் அந்தக் கணக்குகளை எல்லாம் திறந்து காட்டுகிறது. பிறகு, எந்தக் கணக்கிலும் நேராகாத ஒரு மிச்சத்தையும் காட்டுகிறது. கூளையனின் விளையாட்டு, சிதம்பரத்தின் பசி, சந்திரசேகரனின் ஓட்டம். அந்த மிச்சம் மௌனமாக இருக்கலாம். அதற்குப் பெயர் தெரியாமல் இருக்கலாம். பாத்திர வார்ப்பு என்பது அந்த மிச்சத்தைக் கைநழுவ விடாமல் எழுதுவது. பொம்மை நாவலில் கணக்கு பைசா சுத்தமாக நேராகிவிடும். அதுதான் வித்தியாசம்.

6

இதெல்லாம் ஓசூரில் இருந்துகொண்டு எனக்கு ஏன் முக்கியம் என்று சொல்கிறேன்.

இந்த ஊர் சேலம் மாவட்டத்தில் இருந்தது. 1965இல் தர்மபுரி மாவட்டத்துக்குப் போனது. 2004இல் கிருஷ்ணகிரி மாவட்டம் ஆனது. வீட்டை விட்டு நகராத ஒரு கிழவருக்கு மூன்று மாவட்ட முகவரி. வீட்டில் தெலுங்கோ கன்னடமோ உருதுவோ, கடைத்தெருவில் தமிழ், அத்திப்பள்ளி தாண்டினால் கன்னடம். 2006ஆம் வருஷத்துச் சட்டத்துக்குப் பிறகு பள்ளியில் தமிழ் எல்லோருக்கும் கட்டாயம். மொழிச் சிறுபான்மையினர் விலக்குக் கேட்டு கோர்ட்டுக்குப் போனார்கள். 1970களில் சிப்காட் வந்தது. பிறகு லாரி, மொபெட் ஆலைகள். 1980களின் பின்பாதியில் வந்த டைட்டன் கடிகார ஆலை, பள்ளி முடித்த பதினேழு பதினெட்டு வயதுப் பிள்ளைகளைச் சுற்றுவட்டாரத்திலிருந்து எடுத்துப் பயிற்சி கொடுத்து வேலைக்கு வைத்தது. நேற்றுவரை ராகிக் காட்டில் இருந்த விரல்கள் கடிகாரத்துக்குள் போயின. இன்று தேன்கனிக்கோட்டைப் பக்கத்து டாட்டா எலக்ட்ரானிக்ஸ் ஆலையில் ஆயிரக்கணக்கான இளம்பெண்கள். ஜார்க்கண்டின் பழங்குடிக் கிராமங்களிலிருந்து வந்தவர்களும் உண்டு. விடுதி, ஷிப்ட் பஸ், சம்பளக் கணக்கு. வாழ்நாளில் முதல்முறையாகத் தன் பெயரில் ஒரு பாஸ்புக்கைப் பார்க்கிற முகத்தை நான் தினமும் பார்க்கிறேன்.

நாற்பது ஐம்பது வருஷமாக ஒரு ஊர் முழுக்க ஆளாகிக்கொண்டிருக்கிறது. இதற்கு ஈடான ஒரு தமிழ் நாவல் எங்கே?

ஒன்று வந்திருக்கலாம். மூன்று வருஷத்துக்கு முன் எங்கள் கிளைக்கு வருகிற ஒரு கான்ட்ராக்ட் தொழிலாளி, இருபத்து நாலு வயதிருக்கும், நான் படிக்கிறவன் என்று யாரோ சொல்லக் கேட்டு, நூற்றிருபது பக்கக் கைப்பிரதி ஒன்றைக் கொண்டுவந்து கொடுத்தார். தளிப் பக்கம் ஊர். வீட்டில் தெலுங்கு. எழுதியது தமிழில். கதையில் வருகிற பையனுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிப் பதிவேட்டில் இன்னொரு பெயர், கம்பெனியில் டோக்கன் நம்பர். அறையில் உடன் தங்கியிருக்கும் ஒடிசாப் பையன்களுக்கு ‘பாய்’. ஒவ்வொரு அத்தியாயத்திலும் அவனை யார் கூப்பிடுகிறார்களோ அந்தப் பெயரிலேயே அவன் நடமாடுகிறான். ‘நான்’ என்ற சொல் எங்கும் இல்லை.

அதில் ஒரு அத்தியாயம் 2016 செப்டம்பரில் நடக்கிறது. காவிரிக் கலவரம். பெங்களூரில் தமிழ்நாட்டு பஸ்களைக் கொளுத்துகிறார்கள். எல்லையில் வண்டிகள் நின்றுவிட, ஜனங்கள் மூட்டையோடு அத்திப்பள்ளிக்கும் ஜூஜூவாடிக்கும் நடுவே நடக்கிறார்கள். பையனும் நடக்கிறான். வழியில் நாலு பேர் நிறுத்தி ஊர் எது என்று கேட்கிறார்கள். கன்னடத்தில் பதில் சொல்கிறான். விடுகிறார்கள். இந்தப் பக்கம் வந்ததும் ஒருவர் தண்ணீர் பாக்கெட் கொடுத்து, ‘நீ தமிழா’ என்று கேட்கிறார். தமிழில் பதில் சொல்கிறான். தண்ணீர் கிடைக்கிறது. வீட்டுக்குப் போய் அம்மாவிடம் பசிக்கிறது என்று தெலுங்கில் சொல்கிறான். அத்தியாயம் முடிந்தது.

நான் என்ன செய்தேன்? பென்சிலை எடுத்து ஓரத்தில் எழுதினேன்: ‘இங்கே அவன் மனதில் என்ன ஓடியது? அகவுணர்வு இல்லை. பாத்திரம் வளரவில்லை.’ பக்கத்துக்குப் பக்கம் இப்படியே எழுதினேன். இரண்டு வாரம் கழித்துக் கைப்பிரதியைத் திருப்பிக் கொடுத்தபோது, ஃபார்ஸ்டரைப் பற்றியும் ஒரு பத்து நிமிஷம் பேசினேன். ‘நிறையப் படிக்கணும் தம்பி’ என்றேன். ‘சரி சார்’ என்றார்.

ஒரு மாதம் கழித்து, அந்த ஒரு பக்கத்தின் நகலை மட்டும் கொண்டுவந்து கவுன்ட்டரில் வைத்துவிட்டுப் போனார். என் குறிப்புக்குக் கீழே பேனாவால் எழுதியிருந்தது: ‘ஒன்றும் ஓடவில்லை சார். நடந்தான்.’

அன்றைக்கு எனக்கு அது திமிராகப் பட்டது. நகலை டிராயரில் போட்டேன். அதற்குப் பிறகு அவர் வரவில்லை. கான்ட்ராக்ட் முடிந்து வேறெங்கோ போய்விட்டதாக உடன் வேலை செய்தவர்கள் சொன்னார்கள். கணக்கு நடமாட்டமில்லாமல் கிடக்கிறது.

கிருஷ்ணகிரிக் கூட்டத்தில் பேராசிரியர் பேசியபோது நான் ஏன் மறுக்கவில்லை என்பது பஸ்ஸில்தான் புரிந்தது. அவர் பேசியது என் குரலில். அந்த அத்தியாயத்தில் ஒரு பையன் ஒரே பகலில் மூன்று மொழிகளில் மூன்று ஆளாக இருந்து உயிரோடு வீடு சேர்கிறான். பசி மட்டும் வீட்டு மொழியில் வருகிறது. அதுதான் மிச்சம். அது என் கண்ணில் படவில்லை, ஏனென்றால் நான் அங்கே ஒரு யோசனையைத் தேடிக்கொண்டிருந்தேன். பையன் தன்னைப் பற்றி எனக்கு விளக்கம் சொல்ல வேண்டும் என்று எதிர்பார்த்தேன், வழியில் நிறுத்திய அந்த நாலு பேரைப் போலவே.

ஓசூரின் பிள்ளைகள் எழுத வருவார்கள். வந்துகொண்டும் இருக்கிறார்கள். தெலுங்கிலிருந்தும் கன்னடத்திலிருந்தும் உருதுவிலிருந்தும் தமிழுக்கு வருவார்கள். அந்தத் தமிழ் நம் காதுக்கு இடறும். அவர்களுடைய பையன்களும் பெண்களும் தங்களைப் பற்றி யோசித்துக்கொண்டு ஜன்னலோரம் நிற்கமாட்டார்கள், ஷிப்ட்டுக்கு நேரமாகிவிடும். அவர்களிடம் நாம் மறுபடியும் அதே மாதிரிக் கையெழுத்தைப் போட்டுக் காட்டச் சொல்லப் போகிறோமா என்பதுதான் கேள்வி.

அந்த நண்பர் இந்தப் பத்திரிகையைப் பார்க்கக்கூடும். ஒரு காலத்தில் என்னிடமிருந்து வாங்கிப் படித்தவர்தான். பார்த்தால், கைப்பிரதியை எடுத்துக்கொண்டு வரட்டும். பென்சில் குறிப்புகளை நானே உட்கார்ந்து அழித்துத் தருகிறேன்.